கேம்டன் நடைபாலமும் கயிறு அறுத்த இரும்பும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "லண்டனில் கேம்டன் லாக் பக்கம் போனபோது கால்வாய்க்கு மேலே ஒரு பழைய இரும்பு நடைபாலம் பார்த்தேன். கரைக்குக் கரை நேராகப் போகாமல் ஏன் கோணலாகப் போகிறது? அந்தப் பக்கத்துப் பாலங்களின் இரும்பில் ரம்பத்தால் அறுத்ததுபோலப் பள்ளங்கள் இருக்கின்றனவே, அவை என்ன? சுற்றுவட்டாரத்தில் வேறு என்ன பார்க்கலாம்?"

முதல் விஷயம், அந்தப் பாலத்தை மனிதர் நடப்பதற்காகக் கட்டவில்லை. குதிரை நடப்பதற்காகக் கட்டினார்கள். இன்னும் சரியாகச் சொன்னால், குதிரைக்காகவும் அதன் பின்னால் வரும் நீளமான கயிற்றுக்காகவும். நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

அந்தப் பாலத்துக்கு அடியில் ஓடும் ரீஜன்ட்ஸ் கால்வாயின் வேலை 1812-ல் தொடங்கியது. பாடிங்டனிலிருந்து கேம்டன் வரையிலான பகுதி 1816-ல் திறந்தது. அங்கிருந்து லைம்ஹவுஸ் வரை போய் தேம்ஸ் நதியைத் தொட்டது 1820-ல். மொத்த நீளம் 14 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. செலவு 7,72,000 பவுண்டு, முதலில் போட்ட கணக்கைப்போல இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் படகில் இயந்திரம் கிடையாது. கரையோரம் ஒரு பாதை, அதில் ஒரு குதிரை, குதிரையிலிருந்து படகுக்கு ஒரு கயிறு. வண்டியில் பூட்டினால் ஒன்றிரண்டு டன் இழுக்கும் குதிரை, தண்ணீரில் மிதக்கும் படகு என்றால் 30 டன் சரக்கையும் நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். கால்வாய்களுக்கு அவ்வளவு பணத்தைக் கொட்டியதற்கு இந்த ஒரு கணக்குதான் காரணம்.

சரி, இப்போது பாலம். குதிரை நடக்கும் இழுவைப் பாதை எல்லா இடத்திலும் ஒரே கரையில் ஓடாது. ஓரிடத்தில் சரக்குத்துறை குறுக்கே வரும், இன்னோர் இடத்தில் அக்கரை நிலத்துக்காரர் இடம் தரமாட்டார். பாதை ஒரு கரையில் முடிந்து மறுகரையில் தொடரும். அங்கே குதிரை கால்வாயைக் கடக்க ஒரு பாலம் வேண்டும். இந்த வகைப் பாலத்துக்கு ஆங்கிலக் கால்வாய்க்காரர்கள் வைத்த பெயர் ரோவிங் பிரிட்ஜ். கேம்டனில் நீங்கள் பார்த்தது அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த வார்ப்பிரும்புப் பாலம். இன்று பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது.

நேராகக் கடக்கும் பாலம் என்றால் குதிரை கரையிலிருந்து சட்டென்று திரும்பிப் பாலத்தில் ஏற வேண்டும், இறங்கியதும் மறுபடி திரும்ப வேண்டும். தனியாக நடக்கும் குதிரைக்கு அது சிரமமில்லை. பின்னால் கயிறு இழுபட்டு வரும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு திருப்பத்திலும் கயிறு ஒரு மூலையில் சிக்கும், இறுகும், குதிரையைப் பக்கவாட்டில் இழுக்கும். கோணலாகக் கடந்தால் குதிரை தான் போகும் திசையை அதிகம் மாற்றாமல் முன்னோக்கி நடந்தபடியே அக்கரை சேர்ந்துவிடும். பாலத்தின் வளைவு தாழ்வாகவும், ஏற்றம் மெதுவாகவும், ஓரச் சுவர் வழவழப்பாகவும் இருப்பதற்கும் இதே காரணம்தான். கயிறு மாட்டிக்கொள்ள எங்கேயும் ஒரு முனைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இப்படிப்பட்ட பழைய பாலங்கள் பலவற்றில் ஏறும் வழியில் குறுக்கே குறுக்கே கொஞ்சம் எழும்பிய கல்வரிசை இருக்கும். மழையில் நனைந்த சரிவில் லாடம் வழுக்காமல் பிடிக்க அது.

இதையே இன்னும் அழகாகச் செய்த இடங்கள் உண்டு. வடமேற்கு இங்கிலாந்தில் 1831-ல் திறந்த மாக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாயில் பாலத்தின் ஒரு முனை பாம்பு சுருண்டதுபோல வளைந்து இறங்கும். குதிரை பாலத்தில் ஏறி அக்கரை போய், சுற்றி இறங்கி, தான் கடந்த அதே பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வரும். கயிற்றை ஒருமுறைகூட அவிழ்க்க வேண்டாம். கயிறு எங்கே போகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பார்த்தால்தான் அது எப்படிச் சிக்காமல் வருகிறது என்பது புரியும். எனக்கு முதல் தடவை புரியவில்லை, வீட்டுக்கு வந்து தாளில் நூலை வைத்து நகர்த்திப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் இதை யோசித்தவர்மேல் பெரிய மரியாதை வந்தது. கேம்டனில் அந்தச் சுருள் இல்லை. பக்கத்திலேயே லாக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) இருப்பதால் படகு எப்படியும் வேகம் குறைத்து நிற்கத்தான் போகிறது. அதனால் அவ்வளவு இடத்தையும் இரும்பையும் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை என்பது என் கணிப்பு.

இன்னொரு தீர்வு ஸ்ட்ராட்ஃபர்டு கால்வாயில் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைவிட எளிமையான யோசனை கால்வாய்களில் வேறு இல்லை என்று நினைக்கிறேன். அங்குள்ள சின்னப் பாலங்களுக்கு அடியில் இழுவைப் பாதைக்கு இடமே விடவில்லை. பாதைக்கும் சேர்த்து அகலமாகக் கட்டினால் செலவு ஏறும். அதற்குப் பதில் பாலத்தையே நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். இரு கரையிலிருந்தும் ஒவ்வொரு இரும்புக் கை நீண்டு வந்து, நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு நிற்கும். குதிரை பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும், கயிறு அந்த இடுக்கு வழியாகக் கீழே வழுக்கிப் போகும், படகு பாலத்துக்கு அடியில் போகும். அந்தப் பாலத்தில் நடப்பவர்கள் பலர் இடுக்கைப் பார்த்துவிட்டுப் பாலம் விரிந்துவிட்டதென்று பயப்படுவார்கள்.

இனி அந்தப் பள்ளங்கள். அவை கயிறு அறுத்த தடங்கள்தான். சணல் கயிறோ பருத்திக் கயிறோ, அது எப்படி இரும்பை அறுக்கும் என்று கேட்கலாம். கயிறு மட்டும் அறுக்கவில்லை. நாள் முழுக்க அது தண்ணீரில் விழும், கரை மண்ணில் புரளும், மறுபடி நனையும். புரிகளுக்கு நடுவே மணலும் துகளும் ஏறிக்கொள்ளும். அப்புறம் அது கயிறு இல்லை, நீளமான உப்புத்தாள். குதிரை இழுக்கும்போது அது விறைப்பாகிப் பாலத்தின் மூலையில் உரசிக்கொண்டே போகும். ஒரு படகு போனால் ஒன்றும் தெரியாது. நாள் தவறாமல் நூறு ஆண்டுக்கு மேல் படகுகள் போனால்? எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், இங்கே தேய்ந்தது வார்ப்பிரும்பு.

பலர் தவறாக எடுத்துக்கொள்ளும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இந்தப் பள்ளங்கள் பாலத்தைக் கவனிக்காமல் விட்டதால் வந்த சேதம் இல்லை. செங்கல் பாலத்தின் மூலையில் கயிறு உரசினால் செங்கல் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் மூலையில் ஓர் இரும்புப் பட்டையைத் தனியாகப் பதித்தார்கள். தேய்வதற்கென்றே வைத்த பட்டை அது. முழுக்கத் தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டலாம். சில இடங்களில் பட்டைக்குப் பதிலாகச் செங்குத்தாகச் சுழலும் உருளையைப் பொருத்தினார்கள். அடுத்த முறை போகும்போது பாலத்துக்கு அடியில், முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அந்த மூலைகளைப் பாருங்கள். பள்ளங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. சில சாய்வாக ஏறும், சில இறங்கும். குதிரை எவ்வளவு முன்னால் போயிருந்தது, படகு எவ்வளவு தாழ்ந்து மிதந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கயிறும் வெவ்வேறு கோணத்தில் வந்திருக்கும். ஒருமுறை பள்ளம் விழுந்துவிட்டால் அடுத்த கயிறும் அதிலேயே போய் உட்காரும். அதனால்தான் மேலோட்டமான கீறல்களுக்கு நடுவே சில மட்டும் அவ்வளவு ஆழமாக இருக்கின்றன.

பாலத்தை ஏன் வார்ப்பிரும்பில் செய்தார்கள் என்பதற்கும் இரண்டு வரி. 1779-ல் செவர்ன் நதிமேல் எழுந்த இரும்புப் பாலத்துக்குப் பிறகு வார்ப்பிரும்பின் குணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும். அதனால்தான் பாலத்தை வளைவாக வார்த்தார்கள். வளைவில் பாரம் எல்லாம் அழுத்தமாகவே இரு கரைக்கும் இறங்கும். ஒரே அச்சில் பல துண்டுகளை வார்த்துப் படகிலேயே ஏற்றிவந்து இடத்தில் பூட்டலாம். பர்மிங்காம் பக்கக் கால்வாய்களில் ஹார்ஸ்லி இரும்பு ஆலை வார்த்த இப்படிப்பட்ட பாலங்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன.

சுற்றுவட்டாரம் என்றால் பாலத்தின் மேலிருந்தே தொடங்கலாம். பக்கத்தில் தெரியும் லாக், கால்வாய் மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் தொட்டி. பாடிங்டனிலிருந்து இங்கே வரை கால்வாய் ஒரே மட்டத்தில் வருகிறது. இங்கே முதல் படி. இதிலிருந்து லைம்ஹவுஸ் வரை 12 லாக்குகளில் சுமார் 26 மீட்டர் இறங்க வேண்டும். இங்கே இரண்டு தொட்டிகள் அருகருகே இருக்கின்றன. முன்பு மற்ற இடங்களிலும் இப்படித்தான் இரட்டையாக இருந்தன. பின்னாளில் அங்கெல்லாம் ஒன்றை மூடி உபரிநீர் வழியும் வழியாக்கிவிட்டார்கள். இரண்டும் வேலை செய்யும் நிலையில் மிஞ்சியிருப்பது கேம்டனில் மட்டும். கதவை இன்றும் கையால்தான் தள்ளித் திறக்கிறார்கள். நீண்ட மரக்கட்டையில் முதுகைச் சாய்த்து, தரையில் காலை ஊன்றித் தள்ளுவார்கள். இரு பக்கமும் தண்ணீர் சமமாகும் வரை கதவு அசையவே அசையாது. சமமானதும் ஒரே ஆள் தள்ளத் திறந்துகொள்ளும். படகு எதுவும் வந்தால் நின்று பாருங்கள், அவசரப்படாதீர்கள்.

இதே இடத்தில் முதலில் வேறொன்று இருந்தது. தண்ணீர் பற்றாக்குறை இந்தக் கால்வாய்க்கு ஆரம்பத்திலிருந்தே தலைவலி. ஒவ்வொரு தடவை லாக் திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். அதை மிச்சப்படுத்த வில்லியம் காங்கிரீவ் என்பவர், காற்றழுத்தத்தை வைத்துப் படகைத் தூக்கி இறக்கும் ஒரு புது அமைப்பை வடிவமைத்தார். செய்து வைத்தார்கள், சரியாக ஓடவில்லை, கழற்றிவிட்டு வழக்கமான லாக்குகளையே கட்டினார்கள். இந்தக் காங்கிரீவ் பெயரை நீங்கள் வேறோர் இடத்தில் கேள்விப்பட்டிருக்கலாம். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்து, அதிலிருந்து பிரிட்டிஷ் படைக்கு ராக்கெட் செய்தவர் அதே ஆள்தான். திப்புவின் ராக்கெட்டும் கேம்டன் லாக்கும் ஒரே மனிதரின் கதையில் சந்திக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. தண்ணீர்ப் பிரச்சினைக்குக் கடைசியில் வந்த தீர்வு சாதாரணமானது. பிரென்ட் நதிக்குக் குறுக்கே அணை கட்டி 1835-ல் ஒரு நீர்த்தேக்கம் உண்டாக்கினார்கள்.

அப்புறம் ரயில் வந்தது. 1837-ல் யூஸ்டனிலிருந்து புறப்பட்ட லண்டன்–பர்மிங்காம் ரயில் பாதை இந்தக் கால்வாய்க்கு மேலே ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அந்த ஏற்றம் அன்றைய இன்ஜின்களுக்கு அதிகம். அதனால் கேம்டனில் நிலத்துக்கு அடியில் நீராவி இயந்திரங்களை வைத்து, வடம் கட்டி ரயிலை மேலே இழுத்தார்கள். 1844 வரை இது நடந்தது. படகைக் கயிறு கட்டி இழுத்த ஊரில் ரயிலையும் கயிறு கட்டி இழுத்தார்கள். ரயில் கொண்டுவந்த இன்னொரு மாற்றத்தை இழுவைப் பாதையின் ஓரத்திலேயே பார்க்கலாம். கரைக்கல் சில இடங்களில் விட்டுப்போய், தண்ணீருக்குள் சரிவாக ஒரு பாதை இறங்கும். ரயில் சத்தத்தில் மிரண்டு குதிரைகள் கால்வாயில் விழுந்துவிடும். செங்குத்தான கரையில் குதிரையால் ஏற முடியாது. நீந்தவிட்டு அந்தச் சரிவுக்கு ஓட்டிவந்து ஏற்றினார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்த இடங்களைச் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

பாலத்துக்கு அருகே, கால்வாய் ஓரமாக நிற்கும் பெரிய செங்கல் கட்டடம் இன்டர்சேஞ்ச் கிடங்கு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ரயில், சாலை, கால்வாய் மூன்றிலிருந்தும் வரும் சரக்கு இங்கே கை மாறியது. அதன் அடிவயிற்றுக்குள்ளேயே படகு நுழையும் ஒரு துறை இருக்கிறது. இழுவைப் பாதை அதன் வாயைச் சின்ன ஏற்றமாகக் கடந்து போகும். அங்கே நின்று இருட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம். செத்த நாய்த் துறை என்று அதற்கு ஒரு பட்டப்பெயர். மிதந்து வரும் கழிவெல்லாம் அங்கேதான் ஒதுங்குமாம். அந்தப் பக்கத்துச் சந்தைக்கு ஸ்டேபிள்ஸ் என்று பெயர் வந்ததும் சும்மா இல்லை. ரயில் சரக்கை இழுத்த குதிரைகளின் லாயங்களும், அவற்றுக்கான ஆஸ்பத்திரியும் இருந்த இடம் அது. தண்டவாளங்களைக் கடக்க அவற்றுக்குச் சுரங்கப்பாதைகூட இருந்தது.

கேம்டன் சந்தையே கால்வாயின் வீழ்ச்சியில் பிறந்ததுதான். கால்வாயில் 1950-களில் குதிரைகள் போய் இழுவைப் பாதையில் டிராக்டர் வந்தது. 1960-களின் கடைசியில் சரக்குப் போக்குவரத்தே ஏறக்குறைய நின்றுபோனது. இந்தப் பகுதி வழியாக ஒரு பெரிய விரைவுச்சாலை போடும் திட்டம் வேறு இருந்ததால் யாரும் இங்கே முதலீடு செய்யவில்லை. காலியாகக் கிடந்த மரக்கிடங்கு குறைந்த வாடகைக்குக் கிடைத்தது, 1974-ல் கைவினைக் கடைகள் வந்தன. சாலை வரவேயில்லை, சந்தை நிலைத்துவிட்டது. வந்திருந்தால் இந்தப் பாலம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இழுவைப் பாதையில் நடக்கும்போது காலுக்கடியில் கான்கிரீட் பலகைகள் தெரிந்திருக்கும். அதன் கீழே 1979-ல் பதித்த உயரழுத்த மின்வடங்கள் ஓடுகின்றன. அவை சூடாகாமல் இருக்கக் கால்வாய்த் தண்ணீரையே சுற்ற வைக்கிறார்கள். படகுக்காக வெட்டிய கால்வாய் இப்போது லண்டனுக்கு மின்சாரம் கொண்டுபோக உதவுகிறது. குதிரைப் பாதையும் அதனால் பிழைத்தது என்றுதான் சொல்வேன்.

நேரம் இருந்தால் கிழக்கே கிங்ஸ் கிராஸ் வரை நடந்து லண்டன் கால்வாய் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். நார்வேயிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1860-களில் கட்டிய கிடங்கு அது, பனிக்கட்டிக் கிணறு இன்னும் இருக்கிறது. ஆனால் ஓரிடத்துக்கு மட்டும்தான் நேரம் என்றால் நான் மேற்கே போகச் சொல்வேன். கேம்டனிலிருந்து இழுவைப் பாதையில் மிருகக்காட்சிசாலையைத் தாண்டி அரை மணி நேரம் நடந்தால் மாக்கிள்ஸ்ஃபீல்டு பாலம் வரும். முன்பு சொன்ன கால்வாய்க்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. வரிசையாக வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் பாலம் இது. 1874 அக்டோபர் 2 அதிகாலையில் டில்பரி என்ற படகு வெடிமருந்தும் பெட்ரோலியமும் ஏற்றிக்கொண்டு, நீராவிப் படகொன்று இழுத்துப் போன வரிசையில் இதன் அடியில் வந்துகொண்டிருந்தது. சரியாகப் பாலத்துக்கு நேர் கீழே வெடித்தது. படகில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள், பாலம் தரைமட்டமானது. அன்றிலிருந்து ஊர்க்காரர்களுக்கு அது வெடித்த பாலம்.

மறுபடி கட்டும்போது பழைய தூண்களையே எடுத்து நிறுத்தினார்கள். ஆனால் திருப்பி வைத்தார்கள். கயிறு தேய்த்த பக்கம் உள்ளே போய், புதுப் பக்கம் தண்ணீரைப் பார்த்து நின்றது. அதற்குப் பிறகும் பல ஆண்டு குதிரைகள் இழுத்ததால் அந்தப் பக்கத்திலும் பள்ளம் விழுந்தது. இன்று போனால் ஒரே தூணில் இரண்டு பக்கமும் தடங்கள் இருக்கும். ஒரு பக்கம் வெடிப்புக்கு முந்தைய கயிறுகள், எதிர்ப்பக்கம் வெடிப்புக்குப் பிந்தையவை. தூணின் தலையில் கோல்புரூக்டேல் என்று ஆலையின் பெயர் வார்த்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வாருங்கள். பள்ளத்துக்குள் விரலை வைத்தால் உள்ளே வழவழவென்று இருக்கும்.